நாத்தனார் நிச்சயத்துக்கு நான் எழுதிய புரோகிராம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. நாத்தனார் ஸ்டெல்லாவோட நிச்சயதார்த்தத்துக்கு வரச் சொல்லி சொந்தக்காரங்களுக்கு மெசேஜ் அனுப்பணும்.

அவ்வளவுதான்.

சாதாரண மனுஷங்க இதை எப்படிப் பண்ணுவாங்க? ஒரு மெசேஜ் டைப் பண்ணுவாங்க. எல்லாருக்கும் தட்டி விடுவாங்க. காபி குடிக்கப் போயிடுவாங்க.

நான் சாதாரண மனுஷி இல்ல. நான் புரோகிராமர்.

வெப்சைட்டுக்குப் பின்னாடி ஓடற புரோகிராமை எழுதறதுதான் என் பொழைப்பு. பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் பாஷையில எழுதுவேன். வீட்ல இருந்துதான் வேலை. பொன்மலையில மாமனார் மாமியாரோட இருக்கோம். பகல் பூரா நான் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே இருக்கறதால, மாமனாருக்கு என் மேல ஒரு பெரிய மரியாதை. அதாவது, அன்னைக்குக் காலையில வரைக்கும் இருந்துச்சு.

மாமனார் பேரு சேவியர். ரயில்வே ஒர்க்ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆனவர். எதுவுமே முறையா நடக்கணும் அவருக்கு.

"ஜெனி மா, எல்லாருக்கும் ஒரே மெசேஜை மொட்டையா அனுப்பக் கூடாது. பேர் போட்டு வரணும். வீட்ல யார் யாரைக் கூப்பிடறோம்னு தெளிவா இருக்கணும். இல்லன்னா மதிக்க மாட்டாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க மாமா. பைத்தான்ல ஒரு ஃபங்ஷன்."

"ஆமாம்மா. ஃபங்ஷனுக்குத்தானே கூப்பிடறோம்."

நான் சொன்ன ஃபங்ஷன், குடுத்த வேலையைச் செஞ்சு முடிக்கற ஒரு குட்டிப் புரோகிராம். இதுக்கு மேல விளக்கம் சொல்லாம உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சேன்.

சின்னதா ஒரு வெப் பேஜ். ஒரு ஆளுக்கு மூணு கட்டம். பேர், போன் நம்பர், வர வேண்டியவர்கள். கீழ 'அனுப்பு'ன்னு ஒரு பட்டன். மாமனார் உட்கார்ந்து ஒவ்வொருத்தரா நிரப்பிட்டு பட்டனை அமுக்கினா, அத்தனை பேருக்கும் அவங்கவங்க பேர் போட்டு மெசேஜ் போயிடும்.

அந்த 'வர வேண்டியவர்கள்' கட்டத்தை எல்லாருக்கும் நிரப்ப வேண்டியதில்ல. காலியா விட்டா 'குடும்பத்தினர் அனைவரும்'னு தானா வந்துடும். அப்படித்தான் எழுதியிருந்தேன். இதுக்குப் பேரு டிஃபால்ட்.

டிஃபால்ட்னா என்னன்னா, நீங்க டீக்கடைக்குப் போய் "மாஸ்டர், ஒரு டீ"ன்னு சொல்றீங்க. சக்கரை பத்தி வாயே திறக்கலை. சக்கரை போட்டுத்தான் வரும். அதுதான் டிஃபால்ட். ஆனா "மாஸ்டர், ஒரு டீ, சக்கரை ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டீங்கன்னா? போட மாட்டார்.

சொல்லாம இருக்கறது வேற. 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்றது வேற.

இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும். ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக் குடுப்பேன். டீக்கடை உதாரணத்தோட.

மாமனார் பொறுமையா உட்கார்ந்து ஊர் ஊரா நிரப்பினார். முதல்ல பாலக்கரை. அப்புறம் மணப்பாறை, மன்னார்புரம், ஸ்ரீரங்கம். கடைசியா எங்க பங்கு ஃபாதர்.

எல்லாருக்கும் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டார், ஸ்ரீரங்கம் ரங்கராஜன் சாரைத் தவிர. அவர் மாமனாரோட வேலை பாத்தவர். பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல.

"குடும்பத்தினர் அனைவரும்னு போட்டா மாமி பிள்ளைங்களை நெனச்சு வருத்தப்படுவாங்க. அவங்களுக்கு மட்டும் 'தம்பதியர்'னு போட்டுடறேன்மா."

என்ன ஒரு பக்குவம்! எனக்கே பெருமையா இருந்துச்சு.

சிலுவை போட்டுக்கிட்டு பட்டனை அமுக்கினார். எல்லாம் போயிருச்சு.

"கெட்டிக்காரிம்மா நீ"ன்னு சொன்னார்.

அதுதான் கடைசி.

முதல் போன் பாலக்கரையில இருந்து. பிலோமினா பெரியம்மா. மாமியாரோட அக்கா. ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க.

"சேவியர் இருக்காரா?"

"குளிக்கப் போயிருக்காருங்க பெரியம்மா. மெசேஜ் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. படிக்கறேன் கேளு. 'அன்புள்ள பிலோமினா, எங்கள் மகள் ஸ்டெல்லாவின் நிச்சயதார்த்தம் அடுத்த வார ஞாயிறு மாலை நடைபெற உள்ளது. வர வேண்டியவர்கள்: None.' "

போனைக் காதுல இருந்து எடுத்துப் பாத்துட்டு, திரும்ப வெச்சுக்கிட்டேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சு இங்கிலீஷ்ல போட்டாரா?"

"ஐயோ பெரியம்மா..."

"None-ன்னா என்னன்னு ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவ நான். வேண்டாம்னா வேண்டாம்னு தமிழ்லயே சொல்லியிருக்கலாம். தங்கச்சி வீடுதானே, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சொல்லிட்டு, கோவிச்சுக்கிட்டு, வெச்சுட்டாங்க.

கம்ப்யூட்டருக்கு ஓடினேன். பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. கட்டம் காலியா இருந்தா, என் வெப் பேஜ் பேசாம இருக்கலை. ஃபங்ஷன் கிட்ட போய் "வர வேண்டியவர்கள்: ஒண்ணுமில்ல"ன்னு வேலை மெனக்கெட்டு சொல்லியிருக்கு. பைத்தான் பாஷையில 'ஒண்ணுமில்ல'ங்கறதுக்கு None-னு பேரு. அது அப்படியே மெசேஜ்ல உட்கார்ந்துடுச்சு.

சக்கரை இல்லாத டீ. அத்தனை சொந்தக்காரங்களுக்கும்.

அதுக்குள்ள ஸ்டெல்லா உள்ளே வந்தா. கையில போன்.

"அண்ணி, என் நிச்சயத்துக்கு யாரும் வர வேண்டாம்னு நாமளே சொல்லியிருக்கோமா?"

"சின்ன தப்புடா. சரி பண்ணிடறேன்."

"ஆபீஸ்லயும் நீங்க இப்படித்தான் வேலை பாப்பீங்களா?"

"அங்க டெஸ்ட் பண்ண தனியா ஆள் இருக்காங்க."

என் வீட்டுக்காரர் அருள் இந்த நேரத்துல சமையல்காரரைப் பாக்கணும்னு வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். புத்திசாலி.

அன்னைக்கு சரியான மெசேஜ் கிடைச்சது ரெண்டே பேருக்கு. ஒருத்தர் ரங்கராஜன் சார். இன்னொருத்தர் ஃபாதர். அவருக்கும் 'வர வேண்டியவர்கள்: None'னுதான் போயிருக்கு. சாமியார் ஆச்சே, குடும்பம் இல்லையே. தெளிவா போட்டிருக்கோம்னு நெனச்சு, "அவசியம் வர்றேன்"னு பதில் அனுப்பியிருந்தார்.

மாமனார் குளிச்சுட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அஞ்சு நிமிஷம் ஃபேனைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சரி பண்ண முடியுமாம்மா?"

"முடியுங்க மாமா. கட்டம் காலியா இருந்தா அதைப் பத்திப் பேசவே கூடாது. நிரப்பியிருந்தா மட்டும்தான் ஃபங்ஷன் கிட்ட சொல்லணும். சின்ன மாத்தம்தான். மன்னிப்போட சேர்த்து புதுசா அனுப்பிடலாம்."

"சரி, பண்ணும்மா."

நான் எழுத ஆரம்பிச்சேன். அவர் போகலை. என் நாற்காலிக்குப் பின்னாடியே நின்னார்.

"ஏம்மா... இதுல ஒருத்தருக்கு மட்டும் தனியா ஒரு வரி சேர்க்க முடியுமா?"

"தாராளமா. யாருக்குங்க மாமா?"

"மணப்பாறைக்கு."

அடுப்படியில மாமியார் மிக்சியை நிறுத்திட்டாங்க.

மணப்பாறைங்கறது மாமனாரோட ஒரே தங்கச்சி வீடு. தங்கச்சி பேரு மேரி. அவங்க வீட்டுக்காரர் அந்தோணி. எங்க கல்யாணத்துல இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. கல்யாணத்துல குரூப் போட்டோ எடுக்கறப்ப அந்தோணி மாமாவைக் கூப்பிட மறந்துட்டாங்களாம். அந்த போட்டோ எங்க ஹால்ல பெருசா மாட்டியிருக்கு. நான் நடுவுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறேன்.

"என்ன வரிங்க மாமா?"

ரொம்ப நேரம் யோசிச்சார். சொன்னார். இல்லைன்னார். திரும்பச் சொன்னார். கடைசியில இதுதான் வந்துச்சு: 'பழையதை எல்லாம் மனதில் வைக்காமல் முன்னால் வந்து நடத்திக் கொடுக்கவும்.'

டைப் பண்ணினேன். இப்படி ஒரு வரி எழுத இந்த மனுஷனுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்! இதையாவது ஒழுங்கா அனுப்பணும்னு ரொம்ப கவனமா எழுதினேன்.

அந்தக் கவனத்தோட லட்சணத்தைக் கேளுங்க.

'தனிக் குறிப்பு'ன்னு நாலாவதா ஒரு கட்டம் வெச்சேன். கட்டம் நிரம்பியிருந்தா மட்டும் ஒரு பையில போடணும். காலியா இருந்தா போடக் கூடாது. ஒவ்வொரு ஆளுக்கும் பையில என்ன இருக்கோ அதை ஃபங்ஷன் கிட்ட குடுக்கணும். இதுதான் முறை. புஸ்தகத்துல போட்ட மாதிரி எழுதினேன்.

டெஸ்ட்டும் பண்ணினேன். அருள் பேரைப் போட்டு அவர் போனுக்கு ஒண்ணு அனுப்பினேன். 'அன்புள்ள அருள், வர வேண்டியவர்கள்: குடும்பத்தினர் அனைவரும்.' சூப்பர்!

"நானும் வரணுமா?"ன்னு பதில் போட்டார். அதை விடுங்க.

மாமனாருக்கு உற்சாகம் வந்துடுச்சு. "இப்பதான் சரியாயிடுச்சே. சம்பந்திக்கும் மரியாதைக்கு ஒண்ணு போட்டுடும்மா"ன்னு ஃபாதருக்குக் கீழ சம்பந்தி பேரையும் சேர்த்தார். மாப்பிள்ளையோட அப்பா. தஞ்சாவூர்க்காரர்.

இந்த முறை பட்டனை நான் அமுக்கினேன்.

கால் மணி நேரத்துல மணப்பாறையில இருந்து மாமியாருக்கு போன். மேரி அத்தைதான்.

"அண்ணி, அண்ணனா இப்படி எழுதினாரு?" அழுகை. "இவர் போனைக் கையில வெச்சுக்கிட்டு நாலு வாட்டி படிச்சுட்டாரு. சட்டையை எடுத்து அயன் பண்ணக் குடுத்திருக்காரு!"

மாமியாரும் அழுதாங்க. ஸ்டெல்லா அழுதா. மாமனார் மூக்கை உறிஞ்சிக்கிட்டு பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருந்தார். நான் ஒரு நல்ல காரியம் பண்ணிட்ட பெருமிதத்துல காபி போட்டுக் குடிச்சேன்.

அடுத்த போன் மன்னார்புரம். தாமஸ் சித்தப்பா. மாமனாருக்கு ஒண்ணுவிட்ட தம்பி. மாமனார் ஸ்பீக்கர்ல போட்டார்.

"அண்ணே, மெசேஜ் பாத்தேன். நீங்க பெரிய மனுஷன்ணே."

"அதனால என்னப்பா, குடும்பத்தோட வந்துடு."

"இல்லண்ணே, பழசை மனசுல வெச்சுக்காதேன்னு போட்டிருக்கீங்களே. உங்க ரிட்டயர்மென்ட் ஃபங்ஷன்ல நான் வெளிய நின்னு பேசினது உங்க காதுக்கு இவ்வளவு நாள் கழிச்சு வந்திருக்குன்னு எனக்குத் தெரியாது."

மாமனார் முகம் மாறிடுச்சு. "என்ன பேசினே?"

"அதான்ணே, 'இந்த ஆள் ஸ்பேனரைத் தொட்டே பல வருஷம் ஆச்சு, இவருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மாலை'ன்னு. விளையாட்டுக்கு சொன்னதுண்ணே."

மாமனாருக்கு அப்படி ஒரு விஷயம் நடந்ததே அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது.

போனை வெச்சுட்டு என்னைப் பாத்தார். நான் காபி டம்ளரைக் கீழ வெச்சேன்.

அதுக்குள்ள ஸ்ரீரங்கம்.

"சேவியர், நான் ரங்கராஜன் பேசறேன். அடியேன் ஏதாவது அபசாரம் பண்ணிட்டேனா?"

"ஐயையோ சார், என்ன வார்த்தை இது!"

"பழையதை மனசுல வெச்சுக்காதேங்கோன்னு போட்டிருந்தது. மெசேஜ் வந்ததிலேர்ந்து ஆத்துல ரெண்டு பேருமா யோசிச்சுப் பாத்துட்டோம். ஒண்ணும் புலப்படலை. பெருமாள் சத்தியமா எனக்கு உங்ககிட்ட ஒரு குறையும் கிடையாது. உங்களுக்கு இருந்தா சொல்லிடுங்கோ, க்ஷமாபணம் கேட்டுண்டுடறேன்."

பின்னாடி மாமி குரல் கேட்டுச்சு. "அந்த டிபன் பாக்ஸ் விஷயமா இருக்குமோ? கேளுங்கோ!"

மாமனார் அவரைச் சமாதானப்படுத்திக்கிட்டு இருக்கும்போதே என் போன் அடிச்சுது. ஃபாதர்!

"ஸ்தோத்திரம் ஃபாதர்."

"ஆசீர்வாதம்மா. ஒண்ணுமில்ல, எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. உன் மாமனார் அனுப்பியிருக்கார். முதல்ல ஒண்ணு சரியாத்தான் வந்துச்சு. இப்ப திருத்தி அனுப்பியிருக்கார்."

"என்ன போட்டிருக்குங்க ஃபாதர்?"

" 'வர வேண்டியவர்கள்: தம்பதியர்'னு போட்டிருக்கு."

எனக்கு உட்காரணும் போல இருந்துச்சு. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

"அதுக்குக் கீழ, பழையதை எல்லாம் மனதில் வைக்காமல் வரச் சொல்லியிருக்கு. நான் வைக்கலைம்மா. ஆனா முதல் விஷயத்துல என்னால உதவ முடியாது."

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. பை!

ஒவ்வொரு ஆளுக்கும் புதுப் பை எடுத்திருக்கணும். நான் ஒரே பையை எல்லார் வீட்டுக்கும் தூக்கிட்டுப் போயிருக்கேன். மணப்பாறைக்குப் போட்ட வரி பையிலேயே கிடந்திருக்கு. மன்னார்புரத்துக்குப் போச்சு. ஸ்ரீரங்கத்துக்குப் போச்சு. ஸ்ரீரங்கத்துல ரங்கராஜன் சாருக்குப் போட்ட 'தம்பதியர்' அதுவும் உள்ளேயே கிடந்து ஃபாதர் கைக்குப் போயிருக்கு. டெஸ்ட் பண்ணினது ஒரே ஒரு ஆளை வெச்சு. முதல் ஆளுக்கு எந்தப் பையும் புதுப் பைதான்!

சரி, ஒழுங்கா எழுதியிருந்தா மட்டும்? அப்பவும் ஃபாதருக்கு 'குடும்பத்தினர் அனைவரும்'னுதான் போயிருக்கும். அதை நான் யோசிக்கவே இல்ல.

"ஃபாதருக்கு அடுத்து யாரு?"ன்னு ஸ்டெல்லா கேட்டா.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

போன் அடிச்சுது. தஞ்சாவூர்.

சம்பந்தி ரொம்ப மென்மையான மனுஷர். கோபமே வராது. அதுதான் பயம்.

"ஒண்ணுமில்லைங்க, ஒரு சின்ன சந்தேகம் கேட்டுக்கலாம்னு. தம்பதியரா வரச் சொல்லியிருக்கீங்க. வந்துடறோங்க. நானும் வீட்டம்மாவும் வந்துடறோம்." கொஞ்சம் இழுத்தார். "அப்ப மாப்பிள்ளை வர வேண்டாங்களா?"

மாமனார் சோபாவைப் பிடிச்சுக்கிட்டார்.

"இல்ல, உங்க பக்கம் அப்படி ஒரு வழக்கம் இருந்தா பரவாயில்லைங்க. ஆனா 'பழையது'ன்னு ஒண்ணு போட்டிருக்கீங்க. நாம பழகியே ரெண்டு மாசம்தான் ஆகுது. பையனைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

ஸ்டெல்லா என் கையைப் பிடிச்சா. பிடிச்ச பிடியில பாசம் இல்ல.

மாமனார் போனை என்கிட்ட நீட்டினார். முதல் தடவையா அவர் 'மா' போடாம பேசினார். "நீயே சொல்லு."

சொன்னேன். டீக்கடையில ஆரம்பிச்சு பை வரைக்கும் சொன்னேன். சம்பந்தி குறுக்க பேசாம கேட்டார். கடைசியில, "அதாவது, கம்ப்யூட்டர் தப்புங்க"ன்னார்.

"இல்லைங்க, என் தப்பு."

"பரவாயில்லைங்க. அப்ப பையனைக் கூட்டிட்டு வரலாம்?"

"அவசியம் கூட்டிட்டு வாங்க!"

சிரிச்சார். உயிர் வந்துச்சு.

ஆனா வந்த உயிர் நிலைக்கலை. குடும்ப குரூப்னு ஒண்ணு இருக்கே! தாமஸ் சித்தப்பா அந்த மெசேஜை அதுல அப்படியே போட்டு, 'அண்ணன் மனசு யாருக்கு வரும்!'னு எழுதியிருந்தார். அவர் மகன் 'எனக்கும் இதே வரி வந்துச்சே'ன்னான். அப்புறம் வரிசையா 'எனக்கும்', 'எனக்கும்', 'எங்க வீட்டுக்கும்'. பிலோமினா பெரியம்மாவுக்கு வரலை. மணப்பாறைக்கு முன்னாடியே அவங்க பேர் இருந்ததால பை அப்ப காலி. அதுக்கு அவங்க தனியா கோவிச்சுக்கிட்டாங்க. 'எனக்கு மட்டும் ஏன் வரலை?'

அந்த குரூப்ல அந்தோணி மாமாவும் இருக்கார்.

மேரி அத்தை திரும்ப கூப்பிட்டாங்க. இந்தத் தடவை அழலை. அதுவே என்னவோ போல இருந்துச்சு.

"அண்ணி, இவர் வரலையாம். 'எனக்குன்னு எழுதினதுன்னு நெனச்சேன், ஊருக்கே ஒட்டின போஸ்டர்ல என் பேரையும் போட்டிருக்கான்'னு சொல்றாரு. அயன் பண்ணப் போன சட்டையைத் திரும்ப வாங்கிட்டு வந்துட்டாரு."

மாமனார் உள்ளே போனார். வேட்டி மாத்திக்கிட்டு வந்தார்.

"அருள் வந்துட்டானா?"

"இப்பதான் வர்றாரு."

"சாவியை வாங்கு. மணப்பாறை போறோம்."

நான்தான் கார் ஓட்டினேன். திண்டுக்கல் ரோடு. மாமனார் பக்கத்துல உட்கார்ந்து வாய்க்குள்ளயே பேசிப் பாத்துக்கிட்டு வந்தார். ஒரு தடவை "மச்சான்"னு சத்தமா வந்துடுச்சு. இருமற மாதிரி சமாளிச்சார்.

"மாமா, ஸாரிங்க. நீங்க அவ்வளவு யோசிச்சு சொன்ன வரி..."

"நீ என்னம்மா பண்ணுவே." 'மா' திரும்ப வந்துடுச்சு! "நான் நேர்ல போயிருக்கணும். பட்டனை அமுக்கி முடிச்சுக்கலாம்னு பாத்தேன்."

அந்தோணி மாமா ஹால்ல கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தார். எங்களைப் பாத்தார். "வாங்க"ன்னார். டி.வி. சத்தத்தைக் குறைக்கலை.

மேரி அத்தை ஓடி வந்து அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"மச்சான்"னு மாமனார் ஆரம்பிச்சார். "அந்த வரி உனக்கு மட்டும்தான் எழுதினது."

"ஊருக்கே வந்திருக்கே."

"இவ தப்பா அனுப்பிட்டா."

அந்தோணி மாமா என்னைத் திரும்பிப் பாத்தார். நான் கதவுல மாட்டியிருந்த காய்கறிப் பையை எடுத்தேன். வேற வழி தெரியலை.

"மாமா, இதுதான் பைன்னு வெச்சுக்கோங்க. உங்களுக்குன்னு இதுல ஒண்ணு போட்டேன்." மேஜையில இருந்த ரிமோட்டை எடுத்து உள்ளே போட்டேன். டி.வி. சத்தத்துல கத்தித்தான் பேச வேண்டியிருந்துச்சு. "உங்களுக்குக் காமிச்சுட்டு, வெளிய எடுக்காம அப்படியே அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். எல்லார் வீட்லயும் பையைத் திறந்தா உங்க ரிமோட் இருக்கு."

"எனக்கு வந்தது ஊரெல்லாம் போச்சு."

"ஆமாங்க மாமா."

"புதுப் பை எடுக்க வேண்டியதுதானே?"

"அதேதாங்க மாமா."

"இது எனக்கே தெரியுதே. உனக்கு இதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா?"

மேரி அத்தை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அந்தோணி மாமா கையை நீட்டினார். ரிமோட்டைக் குடுத்தேன். சத்தத்தைக் குறைச்சார்.

மாமனார் எழுந்து அவர் பக்கத்துல போய் உட்கார்ந்தார். "அந்த போட்டோவுக்கு உன்னைக் கூப்பிடாதது தப்புதான்டா. மன்னிச்சுக்க."

"எந்த போட்டோ?"

"அருள் கல்யாணத்துல. குரூப் போட்டோ."

"நான் அப்ப பந்தியில உட்கார்ந்திருந்தேன். அதுக்கெல்லாமா கோவிச்சுப்பாங்க?" அந்தோணி மாமா நிஜமாவே ஆச்சரியப்பட்டார். "நீ என் வீடு மந்திரிப்புக்கு வரலை. புது வீடு கட்டி ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிச்சோம். என் பிள்ளைங்களுக்குத் தாய் மாமன் நீ, உனக்குப் போட்ட நாற்காலி காலியாவே இருந்துச்சு."

"நீ கோவமா இருக்கேன்னு வரலை."

"நீ வரலைன்னுதான் கோவம்!"

ரெண்டு பேரும் கிரிக்கெட்டைப் பாத்தாங்க. இத்தனை வருஷம். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. எதிராளி கோவத்துல இருக்கார்னு அவங்கவங்களே வெச்சுக்கிட்டாங்க. டிஃபால்ட் பத்திப் பேச அன்னைக்கு எனக்குத் தகுதி இல்ல.

"சரி, வர்றேன்"ன்னார் அந்தோணி மாமா. "ஆனா எனக்குன்னு தனியா ஒண்ணு அனுப்பு. வேற யாருக்கும் போகாம."

நான் என் போனை எடுத்தேன். புரோகிராம் இல்ல, பட்டன் இல்ல. மாமனார் சொல்லச் சொல்ல விரலால டைப் பண்ணினேன். எதிர்ல ரெண்டடியில உட்கார்ந்திருந்த மனுஷருக்கு அனுப்பினேன். அவர் சட்டைப் பையில சத்தம் வந்துச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாய் விட்டுப் படிச்சார்.

" 'அன்புள்ள மச்சான், வர வேண்டியவர்கள்: நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும். முதல் நாளே.' "

டி.வி.யை அணைச்சார்.

நிச்சயம் நல்லபடியா நடந்துச்சு. எல்லாரும் வந்தாங்க. ஃபாதர் தனியாத்தான் வந்தார். சம்பந்தி வாசல்லயே நின்னு, "மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கேங்க, உள்ளே விடுவீங்களா?"ன்னு என்னைத்தான் கேட்டார். ரங்கராஜன் சாரும் மாமியும் முன் வரிசையில உட்கார்ந்தாங்க. அந்த டிபன் பாக்ஸ் விஷயம் என்னன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியலை. குரூப் போட்டோவுல அந்தோணி மாமா நடுவுல. நான் போட்டோ எடுத்தவர் பக்கம் நின்னுட்டேன்.

மணப்பாறையோட இப்ப தினமும் போன். ஆனா மாமனார் தாமஸ் சித்தப்பாவோட பேசறதில்ல. அந்த ஸ்பேனர் விஷயம் அவருக்கு இன்னும் ஆறலை.

கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சடிச்சு வந்திருக்கு. முதல் வரியில 'திரு/திருமதி' போட்டு, பக்கத்துல வெறும் புள்ளிக் கோடு. அதுல பேரை எழுதிக்கணும், நேர்ல போய் குடுக்கணும். வீட்ல இதுதான் முடிவு.

"நான் ஏதாவது உதவி பண்ணட்டுங்களா மாமா?"ன்னு கேட்டேன்.

வீடே நிமிர்ந்து பாத்துச்சு. மாமியார்தான், பாவம், மனசு கேக்காம, "அந்தப் பேனாவை மட்டும் எடுத்துக் குடும்மா"ன்னாங்க.

எடுத்துக் குடுத்தேன். மாமனார் முதல் பத்திரிகையை எடுத்து வெச்சு, சிலுவை போட்டுக்கிட்டு, எழுத ஆரம்பிச்சார். எழுதலை. உதறிப் பாத்தார். ரீஃபில் காலி.

டெஸ்ட் பண்ணிட்டுக் குடுத்திருக்கணும்.